இரண்டே சீட்

அன்புள்ள அண்ணனுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

பெயிண்ட் வேலைக்கு வண்டி பார்த்தபோது, முன்னால் மூன்று பேர் உட்காரும் வேனும் அதே விலையில் இருந்தது. முன்னால் இரண்டே சீட், பின்னால் சாமான் வைக்க மட்டும் இடம் உள்ள இந்தச் சின்ன வேனைத்தான் எடுத்தேன். "மைலேஜ் நல்லா குடுக்கும்ணே" என்று உன்னிடம் சொன்னது பொய். முட்டி தேய்ந்த பிறகு நீ மெதுவாகிவிட்டாய் என்று என் மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். உன்னைப் போகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டே சீட் என்றால் நீயே வேலையை விட்டு நின்றுகொள்வாய் என்று நினைத்தேன்.

நீ கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வண்டி லட்சணமா இருக்குடா. மச்சானை ஏத்திக்க, நான் பஸ்ல வந்துடுறேன்" என்றாய். மூன்று வாரமாக எங்களுக்கு முன்பே வந்து சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று மழையில் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேன். மச்சான் லீவு, பக்கத்து சீட் காலி. நீ கையை ஆட்டினாய். உன் முகத்தைப் பார்க்கக் கூசி, நிறுத்தாமல் போய்விட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து மச்சான் பைக்கில் வருவான். ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். வண்டியில் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, என்னைத் திட்டவாவது வெளியே வா.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன்