ஆளில்லாமல் விழும் மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். முட்டுவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஒரகடம் ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. பயந்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைகள் வார்டில் தொட்டிலுக்கு ஒரு கிருமிநாசினிப் பெட்டி உண்டு. அடியில் கை நீட்டினால் சர்ரென்று மருந்து விழும். அதைத் தேய்த்துக்கொள்ளாமல் பெற்றவர்கள்கூடக் குழந்தையைத் தொடக்கூடாது. ஒரு பெண்குழந்தையின் அப்பா, யுவராஜ் என்று பெயர். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாலும், முழங்கை வரை தேய்த்த பிறகுதான் மகளைத் தொடுவார். போன வாரம் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துவிட்டார்.

இப்போதும் சாயங்காலம் அந்த பஸ் வந்து நின்றதும், அவர் மகளின் தொட்டிலருகே ஆளில்லாமலே மருந்து விழுகிறது. பெட்டியை மாற்றியும் நிற்கவில்லை. வார்டைத் துடைக்கும் கன்னியம்மா அக்கா, "கை கழுவிக்கினுதானே வருது, வுடும்மா" என்கிறார்.

தேய்த்துத் தேய்த்து என் கை வெடித்துவிட்டது. நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

வாசலில் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். அவர் மகளின் தொட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். நான் எழுந்து வழி விட வேண்டும்.

மெர்சி