கையா, காதா?

ஒகுஷிமா துறைமுகம்
செப்டம்பர் 3

சப்போரோவில் பெரிய மனுஷியாக உலாவும் என் தங்கை ஷிஹோவுக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுக்குளியல் கூடத்து எடைக் கருவியில் ஏறி, எடை குறையட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தும் எழுபத்தெட்டு கிலோ. பின்னால் நின்ற மீன்கடைக்காரி, "செவுத்தையும் சேத்து நிறுக்கிறியாடி?" என்றாள்.

எல்லாம் இந்த மனச்சிதைவு மாத்திரையின் வேலை. காதில் கேட்ட குரல் அடங்கியது, பசி அடங்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது தெரிந்ததும் இகராஷி டாக்டர் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மருந்தை மாற்ற வேண்டுமாம். எது நல்ல மருந்து என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் நல்லதுன்னு ஒண்ணு கெடையாது. எதை விட்டுக்குடுக்க மாட்டீங்க, அதை மொதல்ல சொல்லுங்க" என்றார்.

கை என்றேன். இதற்கு முன் சாப்பிட்ட பழைய மாத்திரையில் குரலே இல்லை. ஆனால் கை நடுங்கிக் கணவாய் மீன் வெட்டும் கொட்டகை வேலை ஒருமுறை போயிற்றே. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நடுக்கம் குறைவு, உடம்பும் அவ்வளவாக ஏறாது. குரல் கொஞ்சம் மிஞ்சலாம். அதைத்தான் கேட்கப் போகிறேன்.

உன் குண்டு அக்கா,
கியோயே


சப்போரோ
செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரிக் கடலில் இடுப்புவரை போய்விட்ட உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தவள் நான். அன்றைக்கும் குரல் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. பழைய மாத்திரையையே கேள். வேலை போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். மாட்டேன் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

ஷிஹோ


ஒகுஷிமா துறைமுகம்
அக்டோபர் 22

மிரட்டல் ராணி ஷிஹோவுக்கு,

உன் கடிதத்தை டாக்டரிடமே காட்டினேன். தங்கை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று உன் பக்கம் பேசினார். பிறகு என் பக்கம் வந்து மூன்றாவதை எழுதினார். இப்போது சாப்பிடுவதைச் சிறுகச் சிறுகக் குறைத்து, புதியதை ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகம் காட்ட வேண்டும்.

குரல் வந்தது, மறைக்கவில்லை. சாயங்காலம், "கோணலா வெட்டுற" என்கிறது. "அப்போ நீ வந்து வெட்டு" என்றேன். ஆளைக் காணோம். பேசினால் பேசட்டும். கட்டளை போட்டால் முதல் போன் டாக்டருக்கு, அடுத்தது உனக்கு.

அன்றைக்கு நீ என் சட்டையைப் பிடித்தது சரி. இப்போது விடு. கையெழுத்துப் போடுவதானால் போடு. கொட்டகைக்கு வந்து, முன்னூறு கணவாய்க்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டுப் போடு.

நேற்று டாக்டருக்கும் கையைக் காட்டப் போனேன். கத்தியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொண்டுபோன கணவாயை விரலாலேயே பிளந்து, மைப்பை கிழியாமல் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். துளி சிந்தவில்லை. "இதுதான் மையா?" என்று டாக்டர் விரலால் அழுத்தினார். மருந்துச் சீட்டை வேறு தாளில் எழுதி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

கியோயே