சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கிண்ணம்

ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
14-10-2024

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு,

மரியே வாழ்க. முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையில்லை. போனில் கேட்டால் நீ "ம்" மட்டும் போடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கோயில் டோரீன் போனில் கூப்பிட்டாள். நான் ஹலோ சொல்வதற்குள், "மனசைத் தேத்திக்கோ ஐரின், ரூபன் ஆத்துமா இளைப்பாறட்டும்" என்றாள். உங்கள் கோயில் பூசையில் பெயர் வாசித்தார்களாம். அன்பிய ஜெபக்குழுப் பெண்கள் உன் வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொன்னார்களாம். முப்பதாம் நாளும் வரப்போகிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு என்ன வயசு? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்றாள்.

கிளிஃபர்ட், ரூபன் உன் நாய். தெருவில் நீ அதை "டேய்" என்றே கூப்பிடுவதால் பெயர் யாருக்கும் தெரியாது. நாய் என்று சொன்னால் உன் மானம் போகும். சொல்லாவிட்டால் கல்யாணம் ஆகாத உனக்கு ஒரு மகன் இருப்பான். நான் "ம்" என்று போனை வைத்தேன், உன்னைப் போலவே.

ரூபன் போனதை என்னிடம்கூடச் சொல்லவில்லையே. உன் மாமா, என் வீட்டுக்காரர் தியோடர் இறந்த மூன்றாம் நாளே, நாய்க்குச் சோறு வைக்க ஆளில்லை என்று கிளம்பிப் போனவன் நீ. அதையும் நான் மறக்கவில்லை.

நடந்ததை எழுது.

அக்கா,
ஐரின்


ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
18-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்தது இதுதான்.

ரூபன் முதல் தேதி காலையில் இறந்தான். சிறுநீரகம் கெட்டிருந்தது. குளியலறை வாசலில், ஈரத் தரையில் முகவாயை வைத்தபடி கிடந்தான். போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவர் "ஏனு சார் அது?" என்றார். "ஹளே பட்டெ" என்றேன். பழைய துணி. பிராணிகளை எரிக்கும் இடத்தின் வாசலில் இறங்கியபோது அவர் போர்டைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த வார வெள்ளிக்கிழமை கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அவன் பெயரை ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பூசையில் வாசிக்கப் பெயர் எழுதிக்கொள்ளும் பெண், "வீட்டு ஆளா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த வாரம் நான் சொன்ன ஒரே உண்மை அது.

ஞாயிறு மாலை டோரீன் முன்னே வர, பதினைந்து பேர் கேட்டைத் திறந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ரூபனின் சோற்றுக் கிண்ணத்தை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளினேன். கழுத்துப் பட்டையைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"யாரு கிளிஃபர்டு அது?" என்று டோரீன் கேட்டாள்.

"கூடவே இருந்தவன்."

"உங்க நாய் எங்க, சத்தத்தையே காணோம்?"

"வேண்டியவங்க கேட்டாங்க, கொடுத்துட்டேன்."

முட்டி போட்டார்கள். எனக்கு ஒரு கையில் ஜெபமாலை. மறு கை பைக்குள், பட்டையின் மணி குலுங்காமல் பிடித்திருந்தது. முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். முன்பின் பேசாதவர்கள்கூடத் தோளைத் தடவினார்கள். டோரீன் கேரியரில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் தின்றேன்.

கேரியரைக் கழுவி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்க முகமில்லை. கிண்ணத்தையும் இன்னும் வெளியே எடுக்கவில்லை.

தம்பி,
கிளிஃபர்ட்


ராபர்ட்சன்பேட்டை
21-10-2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆட்டோக்காரரிடம் ஒன்று, கிண்ணத்தை மறைத்தது ஒன்று, டோரீனிடம் ஒன்று. இயேசுவைத் தெரியாது என்று மறுத்த பேதுருவும் மூன்றோடுதான் நிறுத்தினார். அவருக்குச் சேவல் கூவியது, உனக்கு, டோரீன் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

சிரிக்க எழுதவில்லை. முப்பதாம் நாள் அந்தப் பெண்கள் மறுபடி முட்டி போட்டால் அது பெரிய பாவம். அதற்கு முன் நீயே போய்ச் சொல்ல வேண்டும். உனக்காக நான் போனில் சொல்ல மாட்டேன். கேரியரையும் கொண்டுபோ. வெறும் கேரியராகக் கொடுக்காதே, நம் வீட்டில் அப்படி வழக்கமில்லை.

தியோடரைப் பற்றி நான் எழுதியதற்கு நீ பதில் எழுதவில்லை. இருக்கட்டும்.

அக்கா,
ஐரின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
24-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை போனேன். பிரேசர் டவுனில் பன் வாங்கிக் கேரியரில் வைத்துக்கொண்டேன்.

டோரீன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள். நான் வாசலிலேயே நின்று, "ரூபன் என் நாய்" என்றேன். அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஜூன்ல எங்க வீட்டுக்காரர் சில்வெஸ்டர் போனப்போ சொன்னோமே, அதே ஜெபமாலை, கிளிஃபர்டு. அதே பாட்டு. அன்னைக்கு உங்க வீட்டுல முட்டி போட்டு நான் யாரை நினைச்சு அழுதேன்னு தெரியுமா?"

நான் கேரியரை நீட்டினேன். கேரியரைத் திறந்து பன்னை எல்லாம் எடுத்து என் கையில் வைத்தாள். கேரியரை மட்டும் உள்ளே கொண்டுபோனாள். "மத்தவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். முப்பதாம் நாள் யாரும் வர மாட்டோம்" என்று கதவைச் சாத்தினாள். அவள் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நீ "இருக்கட்டும்" என்று விட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். மாமா இறந்தபோது நான் சீக்கிரம் கிளம்பியது ரூபனின் சோற்றுக்காக மட்டும் இல்லை. உன் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அழ வரவில்லை. இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ரூபன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் மாமாவுக்காக அழுதேன். அவனுக்காக அழும்போது மட்டும் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அவர்களைத் திருப்பி அனுப்பாமல் விட்டேன்.

தம்பி,
கிளிஃபர்ட்


ராபர்ட்சன்பேட்டை
26-10-2024

அன்புத் தம்பிக்கு,

டோரீன் இனி உன்னோடு பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. அவளை வற்புறுத்தாதே. கோயிலில் எதிரே வந்தால் வழி விட்டு நில்.

தியோடரின் மூக்குக்கண்ணாடி இன்னும் என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. தினமும் காலையில் துடைப்பேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா என்பார்கள். இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

புதன்கிழமை முப்பதாம் நாள். காலை மாரிக்குப்பம் ரயிலில் வந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவேன். ஜெபமாலை வேண்டாம். ரூபன் உன் வீட்டுக்கு எப்படி வந்தான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று சொல். "ம்" போடாமல் முழுசாகச் சொல்.

நான் வருவதற்குள் அந்தக் கிண்ணத்தை வெளியே எடு. சமையலறை வாசலில், வரும்போதெல்லாம் தடுக்கிக்கொண்டு நான் உன்னைத் திட்டுவேனே, அந்த இடத்திலேயே வை.

அக்கா,
ஐரின்