தூ வியான்

மகளே,

கோபம் தணிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. கணக்கியல் படி என்றேன். பிரெஞ்சும் ஆப்பிரிக்கப் பண்பாடும் படிக்கப் போனாய். அது இன்னும் உறுத்துகிறது.

கல்லூரியில் உன் வகுப்பு செனகல் நாட்டுக் கதையை நாடகமாகப் போட்ட அன்று, நாடகத்துக்குக் கிளம்பி நம் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து "தூ" என்று ஏதோ ஆரம்பித்தாய்.

"யாரைப் பாத்துடி துப்புற?"

"ஐயோ, அது பிரெஞ்சுப்பா!"

நான் கதவைச் சாத்தினேன். நீ விடுதிக்குப் போய் நான்கு மாதமாகிறது.

நேற்று நிலைகொள்ளாமல் உன் அறையில் நடந்தேன். பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். பதினோராம் பக்கத்தில், "தூ வியான், பப்பா?" நீ வருகிறாயா, அப்பா? மரியாதையாக "நீங்கள்" என்பதற்கு "வூ" என்று இருக்கிறதாம், பெற்றவர்களுக்கு "நீ" என்கிற "தூ"தானாம். உன் அம்மாவிடம் காட்டினேன்.

"நாலு மாசமா இதைத்தானே சொல்றேன். பெரிய படிப்பாளி நீங்க!" என்று சிரித்தாள். அதையும் நான் மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ செனகலுக்கு விமானம் ஏறுவதையும் அவள்தான் சொன்னாள். ஒரு வருஷமாமே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. வாசலில் நின்று கேட்ட அன்று நான் என்ன செய்தேன் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

"நான் வருகிறேன்" என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ழ வியான்.

உச்சரிப்பு தவறென்றால் விமான நிலையத்தில் திருத்து.

உன்
பப்பா