பொத்தேரியில் நான் காலமான செய்தி

ஜூலை 8
மிக்ஸி ஜாடி உடைந்துவிட்டது. காலைச் சட்னி அம்மியில். இந்த லட்சணத்தில் ஜெபா பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து, கல்லாவில் ஏசு படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். நெட்டைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பொத்தான் வருகிறது. அதைத் தட்டிக் கேட்டால் எதற்கும் பதில் சொல்லுமாம்.

"இனிமே நீ எதையும் தேடிப் படிக்க வேணாம் விஜயா, அதுவே படிச்சி சொல்லிடும்" என்றார்.

எல்லாம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார், இன்னொன்று எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மெஸ்ஸில் அவர் பரிமாறினால்தான் நான் அடுப்பை விட்டு நகராமல் இருக்க முடியும்.

ஜூலை 10
ரவையில் வண்டு வராமல் இருக்க என்ன செய்வது என்று அதனிடம் கேட்டேன். "அருமையான கேள்வி!" என்று ஆரம்பித்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஜெபா என் கேள்வி எதையும் அருமை என்று சொன்னதில்லை. பதில் என்னவோ எனக்குத் தெரிந்ததுதான். வறுத்து வைக்க வேண்டுமாம்.

ஜூலை 15
காலேஜ் திறந்துவிட்டது. முதல் வருஷப் பிள்ளைகள் இந்த மாதம் எந்த மெஸ்ஸில் உட்காருகிறார்களோ, நாலு வருஷமும் அங்கேதான் சாப்பிடுவார்கள். எங்களுக்கு வருஷத்துச் சோறு இந்த மாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் யாரும் வரவில்லை. காலையில் ஒரு அப்பா, மகனோடு வாசல் வரை வந்து, போர்டைப் பார்த்து, செருப்பைக் கழற்றாத குறையாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

சந்தேகம் வந்து அந்தப் பொத்தானைத் தட்டினேன். பொத்தேரியில் நல்ல மெஸ் எது?

முதலில் வேறு கடைகள். கடைசியில் நாங்கள். "ராஜம் மெஸ், ஒரு காலத்தில் மாணவர்களின் தாய்வீடாகத் திகழ்ந்தது. உரிமையாளர் விஜயகுமாரி காலமானதைத் தொடர்ந்து மூடப்பட்டுவிட்டது."

இரண்டு தடவை படித்தேன். உள்ளே எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. செத்த கையோடு போய் ரசம் தாளித்தேன்.

ஜூலை 16
ஜெபா துப்பறிந்துவிட்டார். இந்த மெஸ்ஸை முன்பு நடத்திய ராஜம் அம்மா இறந்தபோது, பழைய மாணவர் ஒருவர் நெட்டில் உருகி உருகி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மெஸ் மூடியதையும் அதில் சொல்லியிருக்கிறார். பிறகு நாங்கள் எடுத்து, பிள்ளைகளுக்குப் பழகிய பெயர் என்று போர்டை மாற்றாமல் விட்டோம். கடைகளின் முகவரி போட்ட இன்னொரு பக்கத்தில் உரிமையாளர் என்று என் பெயர் இருக்கிறது. இந்த இரண்டையும் அது சேர்த்துத் தைத்துவிட்டது. சாவு அவருடையது, பெயர் என்னுடையது.

"டெக்னிகல் மிஸ்டேக்குதான்" என்றார். இவருக்கென்ன, இவர் உயிரோடு இருக்கிறார்.

ஜூலை 17
இன்று நேரடிப் பேச்சுவார்த்தை. நான்தான் விஜயகுமாரி, உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினேன்.

"மறைந்த உரிமையாளரின் பெயரே உங்களுக்கும் இருப்பது நெகிழ்ச்சியாக உள்ளது" என்றது.

மறைந்தவள் இல்லை, அவளேதான் நான் என்றேன். உடனே மன்னிப்பு. நான் சொல்வது முற்றிலும் சரியாம், சுட்டிக்காட்டியதற்கு நன்றியாம். மனசு குளிர்ந்து, பக்கத்தை மூடித் திறந்து மறுபடி கேட்டேன். மறுபடி காலமாகியிருந்தேன். இந்த முறை இரங்கல் செய்தி ஒன்று எழுதித் தரட்டுமா என்றும் கேட்டது. எழுது என்றேன். நன்றாகத்தான் எழுதுகிறது. "அவர் கைமணம் என்றும் நம் நினைவில்" என்று படித்தபோது நானே பாவம் என்று உச்சுக்கொட்டினேன்.

ஜூலை 19
ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒருத்தி உயிர்த்தெழுவது? ஜெபாவின் ஏசு ஒரே தடவையில் முடித்துக்கொண்டார்.

ஜூலை 23
ஜெபா வாசலில் துணிப் பேனர் கட்டிவிட்டார். "ராஜம் மெஸ் இயங்குகிறது. உரிமையாளர் நலமாக உள்ளார்." என் போட்டோவும் இருக்கிறது. எந்தப் போட்டோவைக் கொடுத்தாரோ, பார்த்தால் கண்ணீர் அஞ்சலி மாதிரியே இருக்கிறது. பிள்ளைகள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு எதிர்க்கடைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போகிறார்கள்.

சாயங்காலம் ஜெபா மெதுவாகக் கேட்டார். "உங்க ஊர்ல யாராச்சும் இதப் பாத்தா இன்னா பண்ணுவாங்க?"

என்ன பண்ணுவார்கள்? வேடந்தாங்கல் பக்கத்தில் அண்ணனுக்கு நிலமும் லாரியும் உண்டு. நான் சதுரங்கப்பட்டினத்துச் சேரிப் பையனைக் கட்டிக்கொண்ட அன்றே அண்ணன் செங்கல்வராயன் ஊரைக் கூட்டி, "எனுக்குத் தங்கச்சி செத்துட்டா" என்று தலைமுழுகினான். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. ஆக, இந்த மெஷின் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. பதினோரு வருஷம் லேட்.

சிரித்துக்கொண்டே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. செத்துப்போனேன் என்று கேள்விப்பட்டாலாவது வருவானா என்று இருக்கிறது. ச்சீ, என்ன நினைப்பு இது.

ஆகஸ்ட் 3
வந்தான்.

மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. நான் உள்ளே ராத்திரிச் சாம்பாரில் இருந்தேன். வாசலில் அண்ணன், கையில் ஒரு துணிக்கடைப் பை. பேனரை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த ஜெபாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டானாம்:

"எங்க அடக்கம் பண்ணீங்க?"

ஜெபா சொன்ன பதிலுக்கு அவரை என்ன செய்தாலும் தகும். "உள்ள சாம்பார் தாளிச்சிகினு கீறா. இருங்க, கூப்புடறேன்."

கரண்டியோடு வெளியே வந்தேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தலை பாதி நரைத்திருக்கிறது.

"உயிரோடயா கீற?"

"இதுவரைக்கும்."

அவன் மகன் ரஞ்சித்குமார் இங்கேதான் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறானாம். நான் பொத்தேரியில் மெஸ் வைத்திருப்பது வீட்டில் எப்போதோ தெரியுமாம். மெஸ் தேடியவன் கண்ணில் என் பெயரும் சாவும் பட்டிருக்கிறது. "ஊர்ல சொல்லிட்டேன். சின்னப்பொண்ணு அத்தை சோறு துன்னாம கெடக்குது" என்றான். அத்தை அப்பாவின் தங்கை. என்னை எடுத்து வளர்த்தவள்.

பையில் என்ன என்று கேட்டேன். பின்னால் ஒளித்தான். பிடுங்கிப் பார்த்தேன். கோடிச் சேலை. வாழ்க்கைப்பட்டவள் செத்தால் அவள் உடம்பின் மேல் கடைசியாகப் போடுகிற சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பதினோரு ஆடிக்கும் பதினோரு பொங்கலுக்கும் ஒரு ரவிக்கைத் துணி அனுப்பாதவன், பட்டில் வாங்கி வந்திருக்கிறான்.

"செத்தா வருவ, உயிரோட இருந்தா வரமாட்ட. இது இன்னா நியாயம்ணா?"

அழுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே நானும் அழுதேன். ஜெபா அந்த நேரத்தில் டேபிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஒரே டேபிளை.

"சாப்புடறியா?" என்றேன். கேட்ட பிறகுதான் யாரிடம் என்ன கேட்கிறேன் என்று உறைத்தது. அவன் ஜெபாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "போடு" என்றான். ரசம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

ஆகஸ்ட் 4
சேலையைக் கட்டிக்கொண்டேன். ஜெபா பதறினார், ஆகாது என்றார். மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அண்ணனுக்கு எடுக்கத் தெரியாது போலிருக்கிறது. சமையலறையில் கரை அழுக்காகிவிட்டது. சோப்புப் போட்டு ஊற வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17
ஞாயிறு. அண்ணன் மறுபடி வந்தான். போன வாரமும் வந்தான். லோடு இந்தப் பக்கம் வந்ததாம். ரஞ்சித் தினமும் வருகிறான், கூடவே அவன் ரூம் பையன்களும். "எங்க அத்தை மெஸ்" என்கிறான். உட்கார இடம் போதாமல் ஸ்டூல் வாங்கியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 28
இன்று மெஷின் திருந்திவிட்டது. ஜெபா அந்தப் பழைய மாணவரைக் கண்டுபிடித்துக் கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வைத்தார். கேட்டால் இப்போது இப்படிச் சொல்கிறது: "விஜயகுமாரி நடத்தும் ராஜம் மெஸ் நன்கு இயங்கி வருகிறது. ஞாயிறு மீன் குழம்பு சிறப்பு." கல்லா வரை போய்ப் படித்துவிட்டு வந்தேன். உயிர் வந்ததற்கு மெஷினுக்கு நன்றி சொல்லவில்லை. அதற்கு ஏற்கெனவே தலைக்கனம் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 31
அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"நான் உயிரோட கீறேன்னு ஊர்ல சொன்னியாண்ணா?"

"சொல்லணும்."

"அத்தைக்காவது?"

"உனுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்களே விஜயா."

"போய்ப் பாத்தேன், அவ வூட்ல துன்னேன்னு சொல்லு."

தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான். எனக்குப் புரிந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதைச் சொன்னால், யார் வீட்டில் சாப்பிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிட நான் செத்தே இருப்பது அவனுக்குச் சௌகரியம். அங்கே அத்தை அழுதுகொண்டிருக்கிறாள், இங்கே இவன் வஞ்சிரம் துண்டுக்குக் காத்திருக்கிறான்.

இலையை எடுத்துவிட்டேன். "மெஷினுக்கே புத்தி வந்துடுச்சி. உனுக்கு வந்தப்புறம் வா. அதுவரைக்கும் செத்தவ யாருக்கும் சமைக்க மாட்டா."

போய்விட்டான். பசியோடு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வரை எனக்கும் எதுவும் இறங்கவில்லை.

"ரொம்பப் பேசிட்ட" என்றார் ஜெபா.

பேசாமல் இருந்து பார்த்தாயிற்றே, பதினோரு வருஷம்.

செப்டம்பர் 7
ஞாயிறு. குழம்பு மிஞ்சிவிட்டது.

செப்டம்பர் 10
ரஞ்சித்திடம் வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டேன். அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றான். நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஓரப் பொத்தானிடம் "கோபித்துக்கொண்ட அண்ணனை எப்படி" என்று பாதி அடித்துவிட்டு அழித்தேன். அருமையான கேள்வி என்று சொல்லியிருக்கும்.

செப்டம்பர் 14
பதினொன்றரை மணிக்கு வாசலில் லாரி. அண்ணன் இறங்கி, மறுபக்கம் போய், அத்தையை இடுப்போடு தூக்கி இறக்கினான். அத்தை நேராக என்னிடம் வந்து என் கையைக் கிள்ளினாள். நன்றாகவே வலித்தது.

"கீறா" என்றாள் அண்ணனிடம். பிறகுதான் அழுதாள்.

மாரியம்மன் கோயிலில் எல்லாரும் இருக்கும்போது சொன்னானாம். அவ உயிரோட கீறா, நான் அவ வூட்டுக்காரன் போட்ட சோத்த துன்னுட்டு வந்தேன் என்று. இப்போது பங்காளிகள் இரண்டு வீட்டார் அவனோடு பேசுவதில்லை. அத்தைதான் இதையெல்லாம் சொன்னாள். அண்ணன் லாரி டயரை உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இலை போட்டோம். ஜெபா பரிமாறினார். மீன் வைக்கப் போனவரை அத்தை கையால் தடுத்தாள்.

"மீனு வேணா மாப்ள. கொஞ்சம் ரசம் ஊத்து."

ஜெபா சமையலறைக்குள் வந்து, அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். 

"ரசம் இங்கதான கீது" என்றேன்.

"தெரியும்" என்றார்.