பெட்ரோல் டேங்கின் மேல் மூன்று கோடுகள்

காலையில் செயினைத் துடைக்கப் பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்ததும் உங்கள் பம்ப்செட் மோட்டார் பட்டறையின் வாசம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. நீங்கள் கண் மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. எழுத வேண்டியதை வரிசைப்படுத்தாமல் எனக்கு ஒரு வரியும் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

1. உங்கள் மகள் என் மோட்டார் சைக்கிளைக் கேட்டது.
2. அதை நான் பளபளப்பாக்கியது.
3. டேங்கில் நீங்கள் போட்ட கீறல்.
4. அதற்காக நான் சொன்ன பொய்.

கவிதாவுக்கு அன்னூரில் ஒரு மில் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை. போன வாரம் வந்து நின்றாள். "ஏனுங்க மாமா, அப்பா ஓட்டுன வண்டி சும்மாதானுங்க நிக்குது? எனக்குக் குடுங்க, ஓட்டிப்போடுவேன்." சித்தப்பா வண்டியில் கியர் போட்டுப் பழகிவிட்டாளாம். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் ஓட்டினால் மீசை முளைத்துவிடும் அம்மணி என்றார். "முளைச்சா உங்களுக்கும் பாதி குடுக்கறனுங்க" என்றாள். அவருக்கு மீசை சரியாக வளராது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில், வழக்கம்போல் யோசிக்க ஆரம்பிப்பதற்குள், சரி என்றும் சொல்லிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வண்டி ஷெட்டிலேயே நின்றது. சிவப்புப் பெயிண்ட் செங்கல் நிறமாகியிருந்தது. முதல் நாள் சோப்புத் தண்ணீர், பிறகு எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய். சைலன்சரின் துருவுக்கு நீங்கள் செய்ததையே செய்தேன்: சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேய்ப்பது. சிகரெட் பிடிக்காத நான் பெட்டிக்கடையில் வெறும் தாள் கேட்டு நின்றதைப் பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். டேங்குக்குக் கீறல் எடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் பசை, கடைசியில் மெழுகு பாலிஷ். கை தானாக வட்டமடிக்கும்போதெல்லாம் உங்கள் குரல் கேட்டது. "வட்டமாத் தேய்க்காதீங்க சார். நேராத் தேச்சாத்தான் வெயில்ல கோடு தெரியாது." மூன்றாம் நாள் டேங்கில் என் முகம் தெரிந்தது. பழக்கமில்லாததால் சற்று விலகிக்கொண்டேன்.

இனி மூன்றும் நான்கும். தொண்ணூற்றிரண்டில் ஞாயிறுதோறும் கொடுமுடியில் இருந்த உங்கள் அம்மாவைப் பார்க்க என் வண்டியை எடுத்துப் போவீர்கள். திரும்பும்போது அது கொடுத்ததைவிடச் சுத்தமாக இருக்கும். ஆற்றங்கரையில் கழுவித் துடைத்துக் கொண்டுவருவீர்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில், டேங்கின் பின்விளிம்பில், சீட்டை ஒட்டி, மூன்று கோடுகளைப் பார்த்தேன். கேட்டால் உங்கள் மனம் கோணுமோ என்று பயம். கேள்வியை மரியாதையாக ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நீங்கள் வந்தபோது கார்புரேட்டரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம் பஞ்சர் என்றேன். மூன்றாவது வாரம் நீங்கள் வரவில்லை. தெருவில் பார்த்தபோது, "பஸ்ஸே சவுகரியமுங்க சார், தூங்கிட்டே போயரலாம்" என்று சிரித்தீர்கள். உங்கள் அம்மா இருந்தவரை பஸ்ஸில்தான் போனீர்கள். பேச்சு நிற்கவில்லை. ஆனால் என் கேட்டைத் திறந்து நீங்கள் உள்ளே வந்தது அதோடு நின்றது.

நேற்று அரை நாள் தேய்த்து அந்தக் கோடுகளை எடுத்தேன். உங்களை மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் இதுவரை எழுதிவிட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று பேண்ட் போட்டேன். கல்லூரிக்குப் போட்ட அதே பெல்ட். கணபதி பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பி, வண்டியை வெயிலில் நிறுத்தினேன். டேங்கின் பின்விளிம்பில், அதே இடத்தில், புதிதாக இரண்டு கோடுகள்.

மறுபடி ஏறி உட்கார்ந்து, பிரேக் போடும்போது போல முன்னால் சாய்ந்தேன். பெல்ட் பக்கிளின் மூலை டேங்கில் உரசியது.

வண்டியைப் பார்க்க வந்த கவிதா கேட்டருகே நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கார்புரேட்டர் உட்பட. அவள் உள்ளே வந்து டேங்கின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்பா ஒண்ணும் சொன்னதில்லீங்க மாமா. சாருக்கு நாம என்ன தப்புப் பண்ணிப்போட்டோம்னு அம்மாகிட்ட மட்டும் ஒருக்காக் கேட்டாரு. அம்மா இன்னும் அதையே நெனச்சுட்டுத்தான் இருக்குது. நாளைக்கு ஊட்டுக்கு வந்து சொல்லிப்போடுங்க" என்றாள். கேட் வரை போனவள் திரும்பினாள். "வாரப்ப பெல்ட்டைக் கழட்டிட்டு வாங்க."

சாயங்காலம் அந்த இரண்டு கோடுகளையும் நேராகத் தேய்த்து எடுத்தேன். நாளை கவிதா ஓட்ட, நான் வேட்டி கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டியதை எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை.

அன்று சட்டைப் பையிலிருந்த கேள்வியை நான் கேட்டிருந்தால், என் பெல்ட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் முன்பே இருந்திருக்கின்றன. என் அழுக்கு அவற்றை மூடியிருந்தது. நீங்கள் துடைத்துக் கொடுத்ததால் கண்ணில் பட்டன. மேலே எழுதிய பட்டியலை அடிக்காமல் விடுகிறேன். மூன்றாவது தப்புங்க. கீறல் என்னுடையது.