வண்டி இடது பக்கம் இழுக்கிறது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, என்னோடு சண்டை போட நல்ல தெம்பு இருக்கிறது. என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், நிதானமாகப் படி, பாதியில் போனை எடுக்காதே.

போன தடவை பேசியபோது லாரி சரியாகிவிட்டதா என்று கேட்டாய், ஆகிவிட்டது என்று சொன்னேன். ஆகவில்லை அம்மா. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது, நிற்கவும் நேரம் எடுத்தது. சந்தை முனையில் ஒரு சைக்கிள்காரர் மேல் ஏறப் பார்த்தது, நல்லவேளை அவர் குதித்துத் தப்பினார், சைக்கிளின் பின் சக்கரம் நசுங்கிப் போனது. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன், ஆனால் வாய் கூசாமல் பழியை எல்லாம் வண்டி மேல் போட்டேன்.

உன் மாமாவின் பட்டறையில் விட்டதும் அவரே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவுதானா என்று பார்த்தார், ஜாக்கி வைத்துத் தூக்கி சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார், எங்கேயும் ஆட்டம் இல்லை. பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவினார், ஒரு குமிழிகூட வரவில்லை. இடது பக்கம் இழுத்தால் அவசரக்காரன் இடது பிரேக்கைத்தான் பிரிப்பான், வலது பக்கம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி இடது பக்கம்தான் ஓடும் என்று சொல்லி வலது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே உராய்ந்து பிடிக்கும் லைனிங் நன்றாக இருந்தது, எண்ணெய்க் கசிவும் இல்லை. நான் விடவில்லை, ஸ்டீயரிங் பெட்டியையே மாற்று என்று நச்சரித்தேன். நல்லா இருக்கறத எதுக்கு மச்சான் கழட்டணும் என்று எரிந்து விழுந்தார்.

பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலைக்குக் கொண்டுபோய் அவரே ஓட்டிப் பார்த்தார், பிரேக் போட்டதும் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. அடுத்து நான் ஓட்டினேன், இடது பக்கம் இழுத்தது. பாத்தியா என்று ஜெயித்தவன் போலத் திரும்பினால், அவர் சாலையைப் பார்க்கவே இல்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு தரம் போடுங்க மச்சான் என்றார், போட்டேன். வலது கை பிடியை விட்டுவிடுகிறது, இடது கை மட்டும் ஸ்டீயரிங்கைக் கீழே இழுக்கிறது, வலது காலும் பெடலுக்குச் சோம்பலாகத்தான் போகிறது. வண்டியில ஒண்ணும் இல்ல மச்சான், இறங்குங்க, டாக்டர்கிட்ட போவோம் என்றார். கண்டபடி கத்தினேன் அவரை, பாவம், என்னைக் கைபிடித்து இறக்கிவிட்டு அவரே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். அன்றைக்கு என் லாரியிலேயே கிளீனர் சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, எனக்கே தெரியாமல் வந்து போயிருக்கிறது என்கிறார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார், தெம்பு பெரும்பாலும் திரும்பிவிடும், லாரி மட்டும் கூடாது என்றார். எனக்கே தெரியாமல் என்பதுதான் சரியில்லை. வலது கால் செருப்பு நழுவியது தெரியும், சட்டைப் பித்தானை இடது கையால் போட்டுக்கொண்டதும் தெரியும். கோளாறு வண்டியில் இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேதான் ஓட்டினேன். அந்தச் சைக்கிள்காரர் குதிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டேன், வேறு டிரைவர் வைத்து அவரே பார்த்துக்கொள்வார். கொடுக்கும்போது அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

நீ அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம், குழந்தையின் பள்ளி விடுமுறைக்கு வா. உனக்கும் வேலை வேலை என்று உடம்பைக் கவனிக்காத புத்தி உண்டு, அது என் பக்கத்துச் சொத்து, ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள், நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும்.

அம்மா தான் எழுதித் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றேன். போனில் பேசினால் மறுபடியும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். இது என் வலது கை எழுதியது, எப்படி இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா